நடுவர் கை தூக்கும் வரை

சென்ற மாதம் ஷாலினி தொலைபேசியில் அழைத்தாள். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். சம்பளம் வாங்காமல் விளையாடுகிறவர்களின் போட்டிகளை எடுத்து, அவற்றின் ஒளிபரப்பு உரிமையைக் கட்டணத் தொலைக்காட்சிகளுக்கு விற்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. இப்போது கைப்பேசியில் பார்க்கும் தளங்களுக்கும் விற்கிறார்கள்.

“அங்கிள், நம்ம காண்ட்ராக்ட்ல பதினேழாவது கிளாஸ் இருக்குல்ல, அத யாரு எழுதினது? புது பிளாட்ஃபார்ம் ஆளுங்க அத எடுத்துடச் சொல்றாங்க. அவங்களுக்கு எல்லாமே பத்து செகண்ட் கிளிப்பா வேணுமாம்.”

“எடுக்காதம்மா.”

“ஏன்னு கேப்பாங்களே?”

“சொல்ல ஆரம்பிச்சா உன் லஞ்ச் டைம் போயிடும்.”

“அப்ப எழுதிக் குடுங்க லா. ஆபீஸ்ல எல்லாருமே படிக்கிறோம்.”

ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் அவன் பதினேழாவது பிரிவை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவானா? முதல் நாளிலிருந்துதான் தொடங்குவான். நானும் அப்படித்தான்.

நான் கிள்ளான்காரன். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் கபடிப் போட்டிகளுக்குப் புள்ளி எழுதப் போவேன். விளையாடும் உடம்பு எனக்கு அமையவில்லை. கையெழுத்து மட்டும் அழகாக அமைந்தது. ஒரு போட்டி முடிந்து புள்ளித்தாளை மடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து அதை வாங்கிப் பார்த்தார். “இவ்ளோ சுத்தமா எழுதுற ஆளு எனக்கு வேணும். திங்கக்கிழமை வரீங்களா?” என்றார். அவர்தான் புவனேஸ்வரி மேடம். ஹாக்கி நடுவர். அப்போதுதான் இந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். கட்டணத் தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இத்தனை அலைவரிசைகள் வைத்திருக்கிறார்களே, எதைக் காட்டி நிரப்புவார்கள் என்று யோசித்தவர் அவர்.

அலுவலகம் மாடியில். கீழே மிளகாய், மல்லி அரைத்துக் கொடுக்கும் கடை. எங்களைப் பார்க்க வருகிற எவரும் தும்மிக்கொண்டேதான் உள்ளே நுழைவார். பெரிய தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கோட்டும் டையுமாக வருபவர்கூட, மூன்று தும்மல் தும்மி, மேடம் நீட்டும் டிஷ்யூவை வாங்கிக் கண்ணைத் துடைத்தபடிதான் பேச்சைத் தொடங்க வேண்டும். பேரத்தில் எங்களுக்கு அது ஒரு நல்ல ஆரம்பம்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்தது பெரும்பாலும் மண்டபங்களை அளக்கும் வேலை. ஒரு போட்டியை விற்பதற்கு முன்னால் அதை அங்கே படம் பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வெளிச்சமானியை எடுத்துக்கொண்டு ஆடுகளத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் நின்று எழுதிக்கொள்வேன். கேமரா வைக்க மேடை இருக்கிறதா, மின்சாரம் எங்கிருந்து இழுப்பது, மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் வர்ணனை கேட்குமா என்று எல்லாவற்றுக்கும் நிரப்ப ஒரு படிவம். பிறகு விளம்பரப் பலகைகள். நிலையத்தின் ஆதரவாளர் ஒரு குளிர்பானம், அணிச் சட்டையில் இருப்பது வேறொரு குளிர்பானம் என்றால் சண்டை வரும். அதற்காக என் பையில் எப்போதும் கறுப்பு டேப் ஒரு சுருள் இருக்கும். அணித் தலைவர்களிடம் கெஞ்சி, முதுகில் இருக்கும் பெயரை மறைத்து ஒட்டியிருக்கிறேன்.

ஓர் ஆட்டத்தை எத்தனை துண்டுகளாக விற்கலாம் என்பதும் அப்போது பிடிபட்டது. நேரலை ஒன்று. மறு ஒளிபரப்பு ஒன்று. சுருக்கத் தொகுப்பு, செய்திக்கான இரண்டு நிமிடம் என்று தனித்தனியாக. கடைசியாகக் காப்பகம்: ஆட்டம் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சியை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை. இந்தக் கடைசித் துண்டை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசிப்பார். “முன்னாடி பக்கமெல்லாம் வணக்கமும் நன்றியும்தான் பாலா. பின்னாடியிலிருந்து வா” என்பார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே கேள்வி: “இந்தப் பந்து யார் மேல படும்?” பதில் தெரியாவிட்டால் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். வட்டம் எல்லாம் அழியும் வரை பேனா அவர் கைப்பையை விட்டு வெளியே வராது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அம்பாங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெண்கள் வலைப்பந்து இறுதியாட்டம். எங்கள் முதல் நேரலை. சரியாக நான்கு மணிக்கு ஒளிபரப்புத் தொடங்கும். மூன்றே முக்காலுக்குத் தொடக்கவுரை ஆற்ற மேடையேறிய பிரமுகர், மூன்று ஐம்பத்தெட்டுக்கும் தன் ஆரம்பப் பள்ளி நாட்களிலேயே இருந்தார். இறங்கச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒளிபரப்பு வேனிலிருந்து என் காதில், “ஒன் மினிட்! ஒன் மினிட்!” என்று கத்துகிறார்கள். மேடம் எழுந்தார். கைப்பையைத் திறந்து விசிலை எடுத்தார். நீளமாக ஒரே ஊதல்.

பிரமுகர் பாதி வாக்கியத்தில் நின்றார். ஒரு சொல்கூடப் பேசாமல் இறங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் நான்கு மணிக்குத் தொடங்கிவிட்டது. இடைவேளையில் பிரமுகர் எங்களை நோக்கி வந்தபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“மேடம், நான் ஸ்கூல்ல ஹாக்கி விளையாடினவன். விசில் கேட்டா காலு தானா நின்னுடுது” என்று சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஆண்டு அவரே வந்து, “எத்தன நிமிஷம் பேசணும்?” என்று கேட்டுக்கொண்டு மேடையேறினார்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

பெண்கள் கபடிப் போட்டி ஒன்றின் சுருக்கத் தொகுப்பை ஒரு நிலையம் கேட்டது. நான் தனியாகப் பேசி முடித்த முதல் வியாபாரம். மேடம் ஈப்போவில் ஒரு ஹாக்கிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தார். “நான் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாத பாலா” என்று போனில் சொன்னார். ஆனால் நிலையத்தார், இன்றைக்குள் முடிக்காவிட்டால் அந்த நேரத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். எனக்கு அவசரம், அதைவிட ஆசை. முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் கண் சோர்ந்தது. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது பேனா கையில் இருந்தது.

அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: காப்பகக் காட்சிகளை எந்த நிகழ்ச்சியிலும், எந்த வடிவிலும், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம்.

இறுதியாட்டம் கிள்ளானில் நடந்தது. நடுக்கோட்டுக்கு நேராக இருந்த புள்ளி மேசையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். சுங்கை பூலோ அணி மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசிப் பாட்டு, எதிரணிக்குள் பாடிக்கொண்டு போகும் கடைசி முறை. அணித் தலைவி வசந்தி ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு எதிர்க் களத்துக்குள் போனாள். இருபது வயதைத் தாண்டிய மெலிந்த பெண். நான்கு பேர் அவளைப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி காலில், ஒருத்தி இடுப்பில், இரண்டு பேர் தோளில். அவள் விழவில்லை. நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். வந்த வேகத்தில் ஐந்து பேரும் உருண்டு வந்து என் மேசையில் மோதினார்கள். நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். மேசையிலிருந்த சிராப் சர்பத்துச் சாடி அவள் தலையில் கவிழ்ந்தது. தரையில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தேன். நடுவர் நான்கு விரலை உயர்த்தியிருந்தார். ஒரு புள்ளியில் வெற்றி. முகமெல்லாம் சிவப்புத் தண்ணீர் வழிய அந்தப் பெண் எழுந்து குதித்தாள்.

சுருக்கத் தொகுப்பு ஒழுங்காகத்தான் ஒளிபரப்பானது. ஓராண்டுக்கு மேல் கழித்து, ஒரு ஞாயிறு மாலை, வீட்டில் நகைச்சுவைத் துணுக்கு நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூனை வழுக்கி விழுவது, மணமகன் தொட்டியில் விழுவது, அந்த வகை. திடீரென்று என் மேசை. வசந்தி உருண்டு வருகிறாள், நாற்காலியோடு நான் விழுகிறேன், சாடி கவிழ்கிறது. ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். பின்னோக்கி ஓட்டுகிறார்கள், மறுபடியும் விழுகிறாள், மறுபடியும் ‘டொய்ங்’. துணுக்கில் அவள் கோட்டைத் தொட்டதும் இல்லை, நடுவர் கை தூக்கியதும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சிரித்தேன். என் மகள் “அப்பா டிவில!” என்று கத்தினாள். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மேடம் அந்த ஒப்பந்தத்தை என் மேசையில் வைத்தார். “கடைசிப் பக்கம் வாசி.” வாசித்தேன். “இந்தப் பந்து யார் மேல பட்டுச்சு பாலா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். நிலையத்துக்கு எழுதினேன்; ஒப்பந்தப்படி தங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரியில் பதில் வந்தது. துணுக்கு பல முறை மறு ஒளிபரப்பானது. அந்தப் பெண் விளையாடுவதை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு முறை மன்னிப்புக் கேட்கக் காரை எடுத்துக்கொண்டு சுங்கை பூலோ வரை போனேன். கடைசிச் சிக்னலில் திரும்பி வந்துவிட்டேன்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

பெண்களுக்கென்று எட்டு மன்றங்கள் சேர்ந்து ஒரு கபடி லீக் தொடங்கியிருந்தன. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், தாதியர், ஆசிரியைகள், கடையில் கணக்கெழுதுகிறவர்கள். வார நாட்களில் வேலை, சனிக்கிழமைகளில் கபடி. சிமெண்டுத் தரையில் மெல்லிய பாய் விரித்துத்தான் விளையாடினார்கள். முட்டியில் தழும்பு இல்லாத ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அந்த லீக்கை ஒரு கட்டணத் தொலைக்காட்சி கேட்டது. பருவம் முழுவதும், ஒவ்வொரு சனிக்கிழமையும் நேரலை. அதைவிடப் பெரிய செய்தி, சர்வதேசப் போட்டிகளில் விரிக்கும் தடித்த மெத்தை விரிப்பை லீக்குக்கு அவர்களே வாங்கித் தருவார்கள். ஆறு மன்றச் செயலாளர்கள் எங்கள் அலுவலகத்துக்கே வந்து தும்மிவிட்டுக் கை குலுக்கினார்கள்.

இதில் ஒரு நடைமுறை உண்டு. லீக் யாருக்குச் சொந்தம் என்று நிலையத்தின் வழக்கறிஞர் கேட்பார். எட்டு மன்றங்களுக்கும் சொந்தம் என்றால் எட்டும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் விற்க முடியாது. ஏழு வந்துவிட்டன. எட்டாவது உறை, கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. உள்ளே ஒரு வரி: ‘நாங்கள் தொலைக்காட்சிக்கு வரவில்லை. வசந்தி, செயலாளர், பயிற்றுநர், சுங்கை பூலோ.’

அடுத்த வெள்ளிக்கிழமை நிலையம் தன் அட்டவணையை முடிவு செய்துவிடும். விஷயம் தெரிந்து ஒரு மன்றத் தலைவர் போன் செய்தார். “அவங்கள விட்டுடுங்க மேடம். ஏழு டீம் போதும் லா.”

“எட்டு டீம் விளையாடுற லீக்க ஏழுனு சொல்லி விக்க மாட்டேன்” என்று மேடம் போனை வைத்தார். என்னைப் பார்த்தார். “நீ போறியா, நான் போகட்டுமா?”

“நான்தான் போகணும் மேடம்.”

சனிக்கிழமை காலை சுங்கை பூலோவில் ஒரு பொது மண்டபம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தவளை உடனே அடையாளம் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. குரல் அதே குரல். நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க அந்த நாற்காலி அண்ணன்தானே? பின்னால சாஞ்சு விழுந்தீங்களே?”

“ஆமாம்மா.”

“உங்களையும் பாத்துச் சிரிச்சிருப்பாங்களே அண்ணே.”

“சிரிச்சாங்க. ஆனா நான் அதுக்காக வரல.” மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. “அந்தக் காட்சிய அவங்களுக்கு வித்தது நான்தான். கடைசிப் பக்கத்த ஒழுங்கா படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். மன்னிப்புக் கேக்க அப்பவே வந்திருக்கணும். வரல.”

அவள் பெண்களைப் பார்த்து, “நிக்காதீங்க, இன்னும் அஞ்சு ரவுண்டு ஓடுங்க” என்றாள். பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

“நான் பல் க்ளினிக்ல வேல செய்றேன் அண்ணே. அப்பவும் அங்கதான். சின்னப் பிள்ளைங்க வருவாங்க. வாயத் தொறக்கச் சொன்னா ‘டொய்ங்’னு கத்திட்டுச் சிரிப்பாங்க. கோவிலுக்குப் போனா அங்கயும் ‘டொய்ங்’. கல்யாணத்துல என் மாமியார் வீட்டு ஆளுங்க ஒருத்தர் மைக்க புடிச்சே அந்தச் சத்தம் போட்டாரு. நான் விழுந்தது எனக்கு வெக்கம் இல்ல. கபடியில விழாம எப்படி? ஆனா அது நான் ஜெயிச்ச பாயிண்ட் அண்ணே. ஊர்ல எல்லாரும் நான் தோத்துட்டேன்னு நினைக்கிறாங்க.”

பெண்கள் ஓடி முடித்து இரைத்துக்கொண்டு நின்றார்கள்.

“மெத்த விரிப்பு வரும்னு சொன்னாங்க, நிஜமா?” என்று கேட்டாள்.

“நிஜம்.”

“இதுங்க முட்டியப் பாத்தீங்களா?” அவர்களை நோக்கிக் கை நீட்டிச் சொன்னாள்: “இவங்க விழுறதக் காட்டட்டும். எத்தன தடவ வேணாலும் காட்டட்டும். ஆனா பாட்ட ஆரம்பத்துலேர்ந்து காட்டணும், அம்பயர் கை தூக்குற வரைக்கும் காட்டணும். நடுவுல வெட்டக் கூடாது. ஸ்போர்ட்ஸ் ப்ரோக்ராம் தவிர வேற எதுலயும் போடணும்னா அந்தப் பிள்ளகிட்ட கேக்கணும். இத எழுத்துல போட்டுக் கொண்டாங்க, சைன் பண்றேன்.”

மேடத்திடம் சொன்னபோது அவர் தாளில் எழுதி, பென்சிலை எடுத்தார். ஒரு வட்டமும் போடாமல் வைத்தார். “நல்ல கிளாஸ். நமக்கு இத்தன வருஷம் ஏன் தோணல?”

ஆனால் நிலையங்கள் தங்கள் அச்சிட்ட ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றுவதில்லை. வெறும் பேச்சு போதாது என்று எனக்குத் தெரிந்தது. அந்த இறுதியாட்டத்தின் முழுப் பதிவு எங்கள் சாமான் அறையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெட்டி பெட்டியாக இறக்கினேன். கீழ்க்கடையின் மிளகாய்த் தூள் இத்தனை ஆண்டுகளாக அங்கேதான் வந்து படிந்திருக்கிறது. எண்ணி முடியாத அளவுக்குத் தும்மினேன். மாலையில் கிடைத்தது. வீடியோ டேப் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. இது வீட்டு இயந்திரத்தில் ஓடுகிற ரகமும் இல்லை.

கிள்ளானில் செல்வம் என்று ஒரு கல்யாண வீடியோக்காரர், பழைய தொழில்முறை இயந்திரம் ஒன்றை விற்க மனமில்லாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். டேப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அண்ணே, இத நேரா போட்டா மெஷினும் போகும், டேப்பும் போகும்.” திங்கட்கிழமை பூராவும் அவர் பிரித்துப் பிரித்துத் துடைக்க, நான் மின்விசிறிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் ஓடத் தொடங்கியபோது கோடு கோடாக நடுங்கியது, பிறகு நின்றது. கடைசிப் பாட்டு வந்தது. செல்வம் எதற்கும் அசையாதவர். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, “நாலு பேர இழுத்துட்டு வருதே அந்தப் பொண்ணு!” என்றார்.

செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் அதைக் குறுவட்டில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு வசந்தியின் க்ளினிக்குக்குப் போனேன். வரவேற்பு மேசைக் கணினியில் போட்டோம். அவள் நின்றபடியே பார்த்தாள். கை கோட்டைத் தொடும் இடத்தில் திரைக்கு மிக அருகில் குனிந்தாள்.

“தொட்டிருக்கேன் அண்ணே. நல்லா தொட்டிருக்கேன் லா.”

“நல்லா தொட்டிருக்கீங்க. மேசையிலேர்ந்து நான் பாத்தேன்.”

“எல்லாரும் அந்தச் சத்தத்தையே போட்டுப் போட்டு, எனக்கே கொஞ்சம் கொஞ்சமா சந்தேகம் வந்துடுச்சு. அம்பயர் பாவம் பாத்துக் குடுத்தாரோன்னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே இருந்த பல் டாக்டர் வந்து, யார் அழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, தானும் ஒரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். அன்றைய முதல் மதிய நோயாளி கொஞ்சம் காத்திருந்தார். “இத ஆபீஸ்ல காட்டலாமா?” என்று கேட்டேன். “காட்டுங்க. அந்த டொய்ங்கையும் காட்டுங்க, இதையும் காட்டுங்க.”

புதன்கிழமை நிலையத்தில் கூட்டம். வழக்கறிஞர் புவான் நோராய்னி என்ற அம்மையார். மென்மையாகப் பேசுவார், ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்க மாட்டார். பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து நடந்தது. காட்சியை எப்படி வெட்டுவது என்பது நிலையத்தின் உரிமை, இதை உங்களுக்குக் கொடுத்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்றார். மேடம் மறுத்துப் பேசவில்லை. “கபடியில் ஒரு பாட்டு முப்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது, விதி அப்படி. நாங்கள் கேட்பது அந்த முப்பது விநாடியைத்தான்” என்று சொல்லிவிட்டு எனக்குத் தலையசைத்தார்.

முதலில் பழைய துணுக்கைப் போட்டேன். ‘டொய்ங்’. அறையில் எல்லாரும் சிரித்தார்கள். புவான் நோராய்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யாரையும் நான் குறை சொல்லவில்லை, நானும் சிரித்தவன்தானே. அடுத்து, முழுப் பாட்டையும் போட்டேன். நான்கு பேர் தொங்க அவள் வருகிறாள், கோட்டைத் தொடுகிறாள், உருள்கிறாள், சாடி கவிழ்கிறது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நடுவரின் நான்கு விரல்கள் உயர்ந்தன.

“மெனாங் கா?” என்று கேட்டார் புவான் நோராய்னி. அவள் ஜெயித்தாளா என்று.

“மெனாங்” என்றார் மேடம்.

அந்த அம்மையார் திரையை விட்டுத் திரும்பினார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, எங்கள் தாளை இழுத்து, இரண்டு சொற்களைத் திருத்தினார். எங்களை மடக்கும் திருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ‘முயற்சி செய்யும்’ என்று நாங்கள் எழுதியிருந்ததை அடித்து ‘கட்டாயம்’ என்று ஆக்கியிருந்தார்.

ஷாலினி, உன்னுடைய பதினேழாவது பிரிவு இதுதான். அன்று மாலையே சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோனேன். வசந்தி கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முதல் பக்கம் வரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பருவத்தின் முதல் ஆட்டம் கிள்ளானில். மெத்தை விரிப்பை முந்தின நாள் லோரியிலிருந்து இறக்கியதுமே, தெலுக் பங்லிமா காராங் பெண்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் குட்டிக்கரணம் போட்டார்கள். ஒரு தாதி மல்லாந்து படுத்து, “என் வீட்டு மெத்தையவிட நல்லாருக்கு” என்றாள். சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேருந்துகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். நானும் மேடமும் ஒளிபரப்பு வேனுக்குள், திரைகளின் வரிசைக்கு முன்னால், ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

எதிரணி தெலுக் பங்லிமா காராங். தொடங்கிய சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது: சுங்கை பூலோவுக்கு அன்று எதுவும் கைகூடவில்லை. வசந்தியின் பெண்கள் கேமராவைப் பார்த்து மிரண்டார்கள். ஒருத்தி பாடிக்கொண்டே போய், தொடாமலே திரும்பி வந்தாள். ஒருத்தி கோட்டைத் தாண்டி வெளியே நின்றுகொண்டு, தான் வெளியே நிற்பது தெரியாமலே கை தட்டினாள். எழுந்தார்கள், விழுந்தார்கள், மறுபடியும் போனார்கள். ஒவ்வொரு பாட்டையும் இயக்குநர் ஒழுங்காக முடிவு வரை காட்டினார். ஓரத்தில் நின்று வசந்தி கத்திய கத்தலில் வர்ணனையாளர் அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. இருபது புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நேர்காணல் செய்யும் பையன் மைக்கோடு நேராக வசந்தியிடம் போனான். அவள் கேமரா முன் பேசச் சம்மதித்திருக்கவில்லை. அதை யாரும் அவனிடம் சொல்லியிருக்கவும் இல்லை. நான் வேனுக்குள் பதறி, இயக்குநரின் தோளைத் தொட்டேன். மேடம் என் கையைப் பிடித்து இழுத்தார். “பொறு பாலா.”

திரை முழுக்க வசந்தியின் முகம். பின்னால் அவளுடைய பெண்கள், முட்டி சிராய்க்காமல் விளையாடி முடித்த மகிழ்ச்சியில், தோற்றதை மறந்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

“அக்கா, இன்னிக்கு உங்க டீம் இவ்ளோ பெரிய தோல்வி. நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?”

வசந்தி மைக்கைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். மேல் மூச்சு வாங்கியது. பிறகு முகம் முழுவதும் சிரிப்பு.

“நல்லா தோத்தோம். ரிப்பீட் போடுறப்ப இதையும் முழுசா போடுங்க.”

பெண்கள் ஓவென்று கத்தி அவளைக் கட்டிப்பிடித்தார்கள். இயக்குநர் அடுத்த கேமராவுக்கு மாற்றவில்லை, அப்படியே விட்டுவிட்டார். வேனுக்குள் என் பக்கத்தில், தன் வாழ்நாளில் எந்த அணிக்கும் கை தட்டாத ஒரு ஹாக்கி நடுவர், இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார்.